வீட்டு சர்வருக்கும் ஒரு 'ஷிஃப்டிங்'... பழைய சாவியை உடனே கொடுத்துடாதீங்க!

வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு இந்த வயிற்றுக் கலக்கம் நன்றாகவே தெரியும். 'பத்து வருஷம் இருங்க, ஒரு பிரச்னையும் வராது' என்று சொல்லி வீடு கொடுத்த ஹவுஸ் ஓனர், ஒன்றேகால் வருடத்திலேயே வந்து நின்று, 'அடுத்த டிசம்பருக்குள்ள காலி பண்ணிடுங்க' என்றால் எப்படி இருக்கும்?

2020 டிசம்பர் 8 அன்று உலகம் முழுக்க சர்வர் வைத்திருந்த பலருக்கும் அப்படித்தான் இருந்தது. 'சென்ட் ஓ.எஸ்' என்பது இலவசமாகக் கிடைத்த ஒரு லினக்ஸ் ஆபரேட்டிங் சிஸ்டம். பெரிய நிறுவனங்கள் முதல் வீட்டு மூலையில் பழைய கம்ப்யூட்டரை சர்வராக ஓடவிட்டவர்கள் வரை பலரும் அதை நம்பியிருந்தார்கள். அதன் 8-வது பதிப்பு 2019 செப்டம்பரில் வந்தபோது, 2029 வரை அப்டேட்கள் கிடைக்கும் என்பதுதான் எதிர்பார்ப்பு. ஆனால், அதைப் பராமரித்துவந்த ரெட் ஹேட் நிறுவனத்தின் ஆதரவில் இயங்கிய சென்ட் ஓ.எஸ் திட்டம், '2021 டிசம்பர் 31-ம் தேதியோடு 8-வது பதிப்புக்கு அப்டேட் நின்றுவிடும்' என்று அறிவித்தது. அதற்கு முந்தைய 7-வது பதிப்பு மட்டும் தன் முழு ஆயுளையும் ஓட்டி, 2024 ஜூன் 30-ல் விடைபெற்றது.

நிறுவனங்களுக்கு இதைக் கவனிக்கத் தனி ஆட்கள் உண்டு. வீட்டு சர்வருக்கு? அந்த வீட்டில் கம்ப்யூட்டர் தெரிந்த ஒரே ஒருவர்தான். ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர் செய்யும் ஒரு தவறில் குடும்பத்தின் பத்து வருடப் புகைப்படங்களும் போய்விடலாம். சரியாகச் செய்தால், யாருக்கும் தெரியாமலேயே எல்லாம் முடிந்துவிடும். வித்தியாசம் எங்கே இருக்கிறது?

வீட்டுக்குள் சர்வர் எதற்கு?

வெப் சர்வர் என்றதும் குளிரூட்டப்பட்ட அறையும் வரிசையாக அலமாரிகளும் நினைவுக்கு வரலாம். உண்மையில், யாராவது கேட்டால் ஒரு வலைப்பக்கத்தை எடுத்துக் கொடுக்கும் எந்தக் கம்ப்யூட்டரும் வெப் சர்வர்தான். பழைய லேப்டாப் போதும். உள்ளங்கையில் அடங்கும் 'ராஸ்பெரி பை' போதும். 5 வாட் மின்சாரம் எடுக்கும் ஒரு குட்டி போர்டு மாதம் முழுக்க ஓடினாலும் 4 யூனிட்டைத் தாண்டாது. பழைய லேப்டாப் என்றால் பேட்டரியே சின்ன யு.பி.எஸ் ஆகவும் உதவும்.

கல்யாண ஆல்பம், தாத்தா எழுதிய கடிதங்களின் ஸ்கேன், பாட்டியின் ஊறுகாய்க் குறிப்புகள், பிள்ளைகளின் பள்ளி ப்ராஜெக்ட் என எல்லாவற்றையும் வேறொருவரின் கிளவுடில் மாதச் சந்தா கட்டி வைக்காமல், சொந்த வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம் என்பதுதான் இதன் ஈர்ப்பு. வெளியூரில் இருக்கும் சொந்தக்காரர்கள் போனிலிருந்தே அந்த முகவரியைத் திறந்து பார்த்துக்கொள்வார்கள்.

ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. வெளியிலிருந்து யாரும் வரலாம் என்று திறந்துவைத்த கதவு அது. பூட்டு நன்றாக இருக்க வேண்டும். அந்தப் பூட்டை அவ்வப்போது சரிசெய்து அனுப்புவதுதான் 'செக்யூரிட்டி அப்டேட்'.

25-வது நாளில் வந்த செய்தி

'அப்டேட் நின்னா என்ன, நல்லாத்தானே ஓடுது?' என்று கேட்பவர்களுக்கு 2022 ஜனவரி 25 ஒரு பதில்.

சென்ட் ஓ.எஸ் 8-க்கு ஆதரவு முடிந்த 25-வது நாள் அது. 'பி.டபிள்யூ.என் கிட்' என்று பெயர் சூட்டப்பட்ட ஓர் ஓட்டையை குவாலிஸ் என்ற பாதுகாப்பு நிறுவனம் வெளியிட்டது. பெரும்பாலான லினக்ஸ் வகைகளில் ஆரம்பத்திலிருந்தே சேர்ந்து வரும் ஒரு சின்ன புரோகிராமில், 2009 முதல் 12 ஆண்டுகளுக்கும் மேலாக அந்த ஓட்டை யார் கண்ணிலும் படாமல் இருந்திருக்கிறது. சாதாரண அனுமதியோடு உள்ளே வந்த ஒருவர், அதைப் பயன்படுத்தி சர்வரின் முழு அதிகாரத்தையும் எடுத்துக்கொள்ளலாம். திண்ணையில் உட்கார இடம் கேட்டவர் பீரோ சாவியைக் கையில் எடுத்துக்கொள்வதுபோல!

ஆதரவு இருக்கும் சிஸ்டங்களுக்குத் திருத்தம் வந்தது. ஆதரவு முடிந்த சிஸ்டத்துக்கு அப்படி ஒன்று வரும் என்று யாரும் நம்பி உட்கார முடியாது. இதுதான் காலி செய்ய வேண்டியதன் காரணம். ஓடுகிறதா என்பதைப் பார்த்தால் போதாது. ஓட்டை விழுந்தால் அடைக்க ஆள் இருக்கிறாரா என்றும் பார்க்க வேண்டும்.

அந்தச் செய்தியில் இன்னொரு சுவாரஸ்யமும் இருந்தது. யூனிக்ஸ் வழியில் வந்த இன்னொரு சிஸ்டமான 'ஓப்பன் பி.எஸ்.டி'-யில் இந்தத் தந்திரம் பலிக்காது. அதன் மையப்பகுதியான கெர்னல், அப்படிப்பட்ட கோணலான கட்டளையை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும். ஒரே குடும்பத்து சிஸ்டங்கள்தான் என்றாலும் கட்டுமானம் ஒன்றல்ல.

மூன்று வாரத்தில் பிறந்த குடும்பம்

அது என்ன குடும்பம்? 1969-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் வேலை பார்த்த கென் தாம்சனின் மனைவி, கைக்குழந்தையுடன் கலிஃபோர்னியாவில் உள்ள உறவினர்களைப் பார்க்கக் கிளம்பினார். வீட்டில் தனியாக இருந்த சுமார் 3 வாரங்களில், வாரத்துக்கு ஒரு வேலை என்று பிரித்துக்கொண்டு தாம்சன் எழுதி முடித்ததுதான் யூனிக்ஸின் முதல் வடிவம். பிறகு டென்னிஸ் ரிச்சியும் சேர்ந்து அதை வளர்த்தார்.

அதிலிருந்து கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் கிளைத்தது பி.எஸ்.டி. அதன் வாரிசுகள்தான் 1993-ல் வந்த ஃப்ரீ பி.எஸ்.டி-யும், 1995-ல் தொடங்கிய ஓப்பன் பி.எஸ்.டி-யும். 1991-ல் ஃபின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், யூனிக்ஸ் போலவே நடந்துகொள்ளும் ஒன்றைப் புதிதாக எழுதினார். அது லினக்ஸ். நீங்கள் இதை வாசிக்கும் ஆண்ட்ராய்டு போனுக்குள் இருப்பது லினக்ஸ் கெர்னல்தான். ஐபோனுக்குள் பி.எஸ்.டி-யின் ரத்தம் ஓடுகிறது.

அதனால், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவது முன்பின் தெரியாத தேசத்துக்குப் போவதல்ல. ஊருக்குள்ளேயே வேறு தெருவுக்குக் குடிபோவதுதான். சமையல் ஒன்றுதான், அடுப்பு மட்டும் வேறு இடத்தில் இருக்கும்.

எந்த வீட்டுக்குப் போவது?

சென்ட் ஓ.எஸ்-ஸைக் காலி செய்தவர்களுக்கு முன்னால் இருந்த வழிகளை மூன்றாகப் பிரிக்கலாம்.

முதல் வழி, வீடு அதேதான், ஓனர் மட்டும் மாறுவது. சென்ட் ஓ.எஸ்-ஸைத் தொடங்கியவர்களில் ஒருவரான கிரிகரி குர்ட்சர், 'ராக்கி லினக்ஸ்' என்ற மாற்றைத் தொடங்கினார். அவரோடு ஆரம்பத்தில் உழைத்து, பிறகு மறைந்துபோன நண்பர் ராக்கி மெகாவின் நினைவாக வைத்த பெயர் அது. 'அல்மா லினக்ஸ்' என்பது இன்னொன்று. 2021-ல் இரண்டும் வெளிவந்தன. ஓடிக்கொண்டிருக்கும் சென்ட் ஓ.எஸ் 8-ஐ அப்படியே மாற்றித்தரும் கருவிகளையும் இவை கொடுத்தன. சாமான் எதையும் நகர்த்த வேண்டியதில்லை.

இரண்டாவது வழி, லினக்ஸிலேயே வேறு வகை. 1993-ல் தொடங்கிய டெபியன், எந்த ஒரு நிறுவனத்துக்கும் சொந்தமில்லாதது. தன்னார்வலர்கள் நடத்துவது. ஏறத்தாழ 2 வருடங்களுக்கு ஒரு பதிப்பு வரும். ஒவ்வொன்றுக்கும் நீட்டித்த ஆதரவையும் சேர்த்தால் 5 ஆண்டுகள் அப்டேட் கிடைக்கும்.

மூன்றாவது வழி, லினக்ஸை விட்டே வெளியேறி பி.எஸ்.டி பக்கம் போவது. நெட்ஃப்ளிக்ஸ் தன் படங்களை அனுப்பும் சர்வர்களில் ஃப்ரீ பி.எஸ்.டி-யைப் பயன்படுத்துகிறது. அதிலிருக்கும் 'இசட்.எஃப்.எஸ்' வசதியில், எந்த மாற்றத்துக்கு முன்பும் டிஸ்க்கின் அந்த நிமிட நிலையை ஒரு ஸ்னாப்ஷாட் ஆக எடுத்துவைத்து, தவறு நடந்தால் திரும்பிப் போகலாம். ஓப்பன் பி.எஸ்.டி பாதுகாப்புக்குப் பெயர்போனது. வெப் சர்வர் புரோகிராமும் ஃபயர்வாலும் அதனுடனேயே வரும். ஆனால், 6 மாதத்துக்கு ஒரு பதிப்பு, ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ ஒரு வருட ஆதரவு. 'ஒரு தடவை வெச்சுட்டு மறந்துடுவேன்' என்பவருக்குச் சரிவராது.

முடிவெடுக்கும் முன் ஒரு கேள்வி. வீட்டு சர்வரில் ஓடும் ஆப்கள் 'டாக்கர்' பெட்டிகளாக இருக்கின்றனவா? அவை லினக்ஸுக்காகக் கட்டப்பட்டவை. பி.எஸ்.டி-யில் நேரடியாக ஓடாது. அப்படியென்றால் டெபியன் பக்கம் போவதே நிம்மதி. வெறும் வலைப்பக்கங்களும் ஒரு வேர்ட்பிரஸ் தளமும்தான் என்றால் எங்கே வேண்டுமானாலும் போகலாம்.

முதலில் சாமான் பட்டியல்

வீடு மாறும்போது கட்டிலையும் பீரோவையும் யாரும் மறப்பதில்லை. மொட்டைமாடியில் காயும் துணியைத்தான் மறப்பார்கள். சர்வரிலும் அதேதான்.

படங்களும் பக்கங்களும் கண்ணுக்குத் தெரியும். வேர்ட்பிரஸ் போன்ற தளங்களில் எழுத்துகள் எல்லாம் டேட்டாபேஸுக்குள் தனியாக இருக்கும். அந்த ஃபோல்டரை அப்படியே காப்பி செய்தால் போதாது. டேட்டாபேஸுக்கு உரிய கருவியால் 'டம்ப்' எடுக்க வேண்டும். வெப் சர்வரின் செட்டிங்ஸ் ஃபைல்கள் இன்னோர் இடத்தில் இருக்கும். பலரும் மறப்பது, தினமும் நள்ளிரவில் தானாக ஓடும்படி வைத்த வேலைகள். பேக்கப் எடுப்பது, பாதுகாப்புச் சான்றிதழைப் புதுப்பிப்பது எல்லாம் அங்கேதான் இருக்கும்.

அந்தச் சான்றிதழ் தனிக் கவனம் கேட்கிறது. பலரும் பயன்படுத்தும் 'லெட்ஸ் என்க்ரிப்ட்' இலவசச் சான்றிதழுக்கு வழக்கமாக 90 நாள்தான் ஆயுள். சான்றிதழை மட்டும் காப்பி செய்துவிட்டு, தானாகப் புதுப்பிக்கும் வேலையை மறந்தால் அன்றைக்கு எல்லாம் சரியாகவே இருக்கும். மூன்று மாதத்துக்குள் ஒருநாள், 'இந்தத் தளம் பாதுகாப்பானது அல்ல' என்ற எச்சரிக்கை எல்லோர் போனிலும் வந்து நிற்கும்.

பேக்கப் இருக்கு... வேலை செய்யுமா?

2017 ஜனவரி 31. உலகம் முழுக்க மென்பொருள் எழுதுபவர்கள் பயன்படுத்தும் 'கிட்லேப்' நிறுவனத்தில், இரவு வேலையில் இருந்த ஓர் இன்ஜினீயர் தவறான சர்வரில் டெலிட் கட்டளையைக் கொடுத்துவிட்டார். சுதாரித்து நிறுத்துவதற்குள் 300 ஜி.பி அளவிலான டேட்டாபேஸில் மிஞ்சியது வெறும் 4.5 ஜி.பி. 'பரவாயில்லை, பேக்கப் இருக்கிறதே' என்று தேடினால் வழக்கமான பேக்கப் ஒன்றுகூடக் கைகொடுக்கவில்லை. சுமார் 6 மணி நேரத்துக்கு முன்பு வேறொரு காரணத்துக்காகத் தற்செயலாக எடுத்துவைத்த காப்பிதான் காப்பாற்றியது. இவ்வளவையும் அந்த நிறுவனமே மறைக்காமல் வெளியே சொன்னது.

இவ்வளவு பெரிய இடத்திலேயே அப்படி என்றால், வீட்டில்? திறந்து பார்க்காத பேக்கப், பேக்கப் கணக்கில் சேராது. மூன்று காப்பிகள், இரண்டு விதமான சாதனங்களில், ஒன்று வீட்டுக்கு வெளியே என்பது பொதுவான பாடம். மூன்றாவதை அண்ணன் வீட்டு அலமாரியில் ஒரு ஹார்டு டிஸ்க்காகக்கூட வைக்கலாம். அதைவிட முக்கியம், அந்தக் காப்பியிலிருந்து நான்கு படங்களையாவது, ஒரு பக்கத்தையாவது வேறு கம்ப்யூட்டரில் திறந்து பார்ப்பது. அது திறந்தால்தான் அடுத்த வேலை.

புது வீட்டில் ஸ்விட்ச் எங்கே?

புது சிஸ்டத்தைப் பழைய டிஸ்க்கின் மேலேயே இன்ஸ்டால் செய்வது, பழைய வீட்டை இடித்த இடத்திலேயே புது வீடு கட்டுவது மாதிரி. மழை வந்தால் ஒதுங்க இடமில்லை. புது எஸ்.எஸ்.டி ஒன்றை வாங்கி அதில் இன்ஸ்டால் செய்வதோ, இன்னொரு பழைய லேப்டாப்பில் செய்வதோதான் புத்திசாலித்தனம்.

இரண்டு மெஷின்களும் ஒரே நேரத்தில் ஓடினால் இன்னொரு லாபமும் உண்டு. சென்ட் ஓ.எஸ் 7, 8 இரண்டும் வழக்கமாக டிஸ்க்கை 'எக்ஸ்.எஃப்.எஸ்' என்ற முறையில் அடுக்கிவைக்கும். ஃப்ரீ பி.எஸ்.டி அதை நேரடியாகப் படிக்காது. பழைய டிஸ்க்கைக் கழற்றி அதில் செருகிவிட்டு, 'ஐயோ, எல்லாம் காலியா இருக்கே' என்று பதறியவர், அந்தப் பதற்றத்தில் ஃபார்மேட் கொடுத்துவிட்டால் கதை முடிந்தது. இரண்டும் ஓடும்போது, வீட்டு நெட்வொர்க் வழியாகவே ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு அனுப்பிவிடலாம்.

அனுப்பி முடித்து, முகவரியைத் திறந்தால் '403' என்ற எண் வரலாம். 'உள்ளே வர அனுமதி இல்லை' என்று பொருள். படங்கள் எல்லாம் வந்துசேர்ந்திருக்கும், பெயர்தான் மாறியிருக்கும். வெப் சர்வர் வேலையைச் செய்ய ஒவ்வொரு சிஸ்டமும் ஒரு கணக்குப் பெயர் வைத்திருக்கிறது. டெபியனில் ஒரு பெயர், சென்ட் ஓ.எஸ்-ஸில் வேறு, பி.எஸ்.டி-யில் இன்னொன்று. பழைய பெயருக்கு எழுதிய பத்திரத்தைப் புதிய பெயருக்கு மாற்றி எழுதினால் கதவு திறந்துவிடும். அவசரத்தில் 'எல்லோரும் எல்லாம் செய்யலாம்' என்று அனுமதி கொடுப்பது மட்டும் கூடாது.

செட்டிங்ஸ் ஃபைல்களின் இடமும் மாறும். ஃப்ரீ பி.எஸ்.டி-யில் நாமாகச் சேர்க்கும் எந்த மென்பொருளின் செட்டிங்ஸும் 'லோக்கல்' என்ற தனி ஃபோல்டருக்குள் இருக்கும். ஃபயர்வாலின் மொழியும் வேறு. பழைய ஃபைலை அப்படியே ஒட்டினால் புரியாது. ஒவ்வொரு வரியையும் புரிந்துகொண்டு புதிதாக எழுத வேண்டும். அந்த வேலையை வேறு ஊரிலிருந்து போன் வழியாகச் செய்யாமல், மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து செய்வது நல்லது. ஃபயர்வாலில் ஒரு வரி தவறினால், பூட்டிக்கொண்டு வெளியே நிற்பவர் வீட்டுக்காரராகத்தான் இருப்பார்!

தமிழுக்கு ஒரு தனி எச்சரிக்கை

இங்கிலீஷ் தளம் வைத்திருப்பவர்களுக்கு வராத ஒரு சோதனை, தமிழில் எழுதுபவர்களுக்கு வரும். பழைய மை-எஸ்.க்யூ.எல் டேட்டாபேஸ்கள், 8.0 பதிப்புக்கு முன்பு வரை, வேறெதுவும் சொல்லாவிட்டால் மேற்கு ஐரோப்பிய எழுத்துமுறையைத்தான் எடுத்துக்கொள்ளும். மாற்றும்போது இரண்டு பக்கமும் ஒரே எழுத்துமுறையைப் பேசவில்லை என்றால் பாட்டியின் ஊறுகாய்க் குறிப்பு அலங்கோலமாகிவிடும்.

அப்போது ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். தலையில் கொம்பு வைத்த ஐரோப்பிய எழுத்துகள் வரிசையாக வந்தால் பயம் வேண்டாம். உள்ளே தமிழ் பத்திரமாக இருக்கும், தவறாகப் படிக்கப்படுகிறது, அவ்வளவுதான். பெரும்பாலும் மீட்டுவிடலாம். ஆனால், வரிசையாகக் கேள்விக்குறிகள் வந்து, டேட்டாபேஸுக்குள்ளும் அப்படியே பதிந்திருந்தால், அந்த எழுத்துகள் அங்கே இல்லை. பழைய சர்வரில் இருந்து மறுபடி எடுத்தால்தான் உண்டு.

ஃபைல் பெயர்களிலும் ஒரு பொறி இருக்கிறது. 'பொங்கல்' என்று ஒரு படத்துக்குப் பெயர் வைத்தால், அதிலுள்ள ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பும் காலுமாக இரண்டு குறியாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். பழைய மேக் கம்ப்யூட்டர்களின் டிஸ்க் முறை அதைப் பிரித்தே சேமிக்கும். அங்கே காப்பி வைத்து எடுத்து லினக்ஸிலோ பி.எஸ்.டி-யிலோ போட்டால், பக்கத்தில் எழுதிய பெயரும் படத்தின் பெயரும் ஒத்துப்போகாமல், கண்ணெதிரே இருக்கும் படம் 'இல்லை' என்று வரும். நாளைக்குச் சிரமம் வேண்டாம் என்றால், ஃபைல் பெயர்களை மட்டும் ஆங்கில எழுத்துகளிலும் எண்களிலும் வைத்துவிட்டு, தமிழை உள்ளே வைத்துக்கொள்ளலாம்.

பழைய சாவி

எல்லாம் சரியாக வந்துவிட்டதா என்று பார்த்த பிறகுதான் வாசலை மாற்ற வேண்டும். வெளியிலிருந்து வருபவர்களை எந்த மெஷினுக்கு அனுப்புவது என்பது வீட்டு ரவுட்டரில் ஓரிரு வரிகள். அதைப் புது மெஷினுக்குத் திருப்பினால் குடிபோனதாக அர்த்தம். பிரச்னை வந்தால் அதே வரிகளைப் பழையபடி மாற்றினால் போதும். சொந்தக்காரர்கள் யாருக்கும் எதுவும் தெரியாது.

பழைய டிஸ்க்கை உடனே அழித்துவிடக் கூடாது. சான்றிதழ் ஒருமுறை தானாகப் புதுப்பிக்கும்வரை, நள்ளிரவு பேக்கப் சில வாரம் ஒழுங்காக ஓடும்வரை அது அலமாரியில் தூங்கட்டும். இணையத்தோடு மட்டும் இணைக்க வேண்டாம். அதன் பிறகு முழுவதும் அழித்துவிட்டே அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டும், அல்லது எடைக்குப் போட வேண்டும். அதற்குள் குடும்பத்தின் பாஸ்வேர்டுகளும் இருக்கும்.

கடைசியாக ஒரு நோட்டுப் புத்தகம். எந்த சிஸ்டம், எந்தப் பதிப்பு, எப்போது ஆதரவு முடிகிறது, பேக்கப் எங்கே இருக்கிறது, ரவுட்டரில் எதை மாற்றினோம் என்று தமிழிலேயே எழுதி, ரேஷன் கார்டு இருக்கும் இடத்தில் வைத்துவிடலாம். ஏனென்றால், கம்ப்யூட்டர் தெரிந்த அந்த ஒருவர் என்றைக்கும் வீட்டிலேயே இருப்பார் என்பதற்கு எந்த நிறுவனமும் உத்தரவாதம் தரவில்லை. அடுத்த முறை காலி செய்யச் சொல்லும்போது, அந்த நோட்டைப் பிரித்துப் படித்து வேலையை ஆரம்பிப்பவர் வேறு யாராகவும் இருக்கலாம்.

புது வீட்டில் பால் காய்ச்சுவதுபோல இங்கேயும் ஒரு சடங்கு உண்டு. வீட்டிலேயே மூத்தவரிடம் போனைக் கொடுத்து, பழைய கல்யாண ஆல்பத்தைத் திறக்கச் சொல்ல வேண்டும். 'என்னமோ மாத்தப்போறேன்னு சொன்னியே, எல்லாம் அப்படியேதானே இருக்கு?' என்று அவர் கேட்டால் ஷிஃப்டிங் நல்லபடியாக முடிந்தது என்று அர்த்தம்.